எரிக் யோஹான்சன் படத்தொகுப்பு: நிழல்வரை சோதித்துப் பார்த்தேன்

கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் தொழில். ஆளை வெட்டி இன்னொரு பேக்ரவுண்டில் உட்கார வைத்தே பழகிய கண் என்பதால், எந்தப் படத்திலும் காலடி நிழலைத்தான் முதலில் பார்ப்பேன். ஒட்டுவேலை மாட்டிக்கொள்ளும் இடம் அது. பல புகைப்படங்களை இணைத்து நிஜத்தில் நடக்கவே முடியாத காட்சிகளை உருவாக்கும் எரிக் யோஹான்சனின் படங்களைப் பெரிய அளவில் அச்சிட்ட இந்தக் கெட்டி அட்டைத் தொகுப்பையும் அப்படித்தான் பக்கம் பக்கமாகத் துருவினேன். ஒரு படத்திலும் நிழல் பிசகவில்லை.

யோஹான்சன் 1985-ல் ஸ்வீடனில் பிறந்தவர். கோதன்பர்க் நகரின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படித்துவிட்டுப் புகைப்படத்துக்கு வந்தார். டாலி, மக்ரீட், எஷர் ஆகிய ஓவியர்களின் பாதிப்பு படங்களில் வெளிப்படையாகவே தெரிகிறது. ஆனால் அவர்கள் கையால் வரைந்து செய்ததை இவர் கேமராவால் செய்யவேண்டியிருக்கிறது.

2016-ல் வந்த 'இம்பாக்ட்' படத்தைப் பாருங்கள். படகில் ஒருவர், அவரைச் சுற்றி ஏரி கண்ணாடியாக நொறுங்கிக் கிடக்கிறது. இதற்காக 17 சதுர மீட்டர் முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கி, வெளியில் பரப்பி நிஜமாகவே படம் எடுத்தார். எந்தச் சில்லில் வானம் எவ்வளவு தெரியவேண்டும் என்பதை வெளிச்சமே முடிவு செய்துவிட்டது. இதையே கணினியில் உட்கார்ந்து வரைந்தால் எங்காவது ஒரு சில்லு காட்டிக்கொடுத்துவிடும். 2017-ன் 'ஃபுல் மூன் சர்வீஸ்' படத்தில் தொழிலாளர்கள் வேனில் வந்து நிலாவை மாற்றுகிறார்கள். நிலாவின் ஒளி அவர்கள் மேல் விழும் விதத்தைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இணைக்கும் படங்களின் கோணம் ஒன்றாக இருக்கவேண்டும், வெளிச்சம் ஒன்றாக இருக்கவேண்டும், ஒன்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியக்கூடாது. 2011-ல் லண்டனில் டெட் (TED) என்ற கருத்தரங்க மேடையில் பேசிய உரையில் அவர் சொன்ன மூன்று விதிகள் இவை. முதல் இரண்டையும் படம் எடுக்கும்போதே சரிசெய்யாமல், மூன்றாவதை ஃபோட்டோஷாப்பில் பிடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் எங்கள் தொழிலில் நிறையப் பேர். அவர்கள் எல்லோரும் இதைப் பார்க்கவேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. ஆரம்பகாலப் படங்கள் சில ஒரே யோசனையில் நிற்கின்றன. சாலையைத் துணிபோல் இழுத்துச் செல்லும் மனிதர் முதல் பார்வைக்கு அசத்துகிறார். மறுபடி பார்த்தால் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. அப்புறம், இரண்டு பக்கத்துக்கு விரியும் படங்களில் நடுமடிப்பு முக்கியமான இடத்தை விழுங்கிவிடுகிறது. இவ்வளவு விலை வைத்த புத்தகத்தில் அது உறுத்துகிறது. செய்முறை பற்றிய குறிப்புகளும் எனக்குப் போதவில்லை. ஆனால் பல படங்களின் தயாரிப்பு வீடியோக்களை அவரே யூடியூபில் இலவசமாகப் போட்டிருக்கிறார்.

எடிட்டிங் தொழிலில் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். அழகான படங்கள் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு அவருடைய இணையதளமே தாராளம்.