கத்திரி வெயிலுக்கு டிக்கெட் போட்டவன்

"கோட்டி புடிச்சிருக்கால ஒனக்கு? அவனவன் வெயிலுக்குப் பயந்து கொடைக்கானலுக்கு ஓடுதான், நீ மே மாசம் வாரேங்கியே!"

டிக்கெட் போட்டாச்சு என்று போனில் சொன்னதும் பாளையங்கோட்டையிலிருந்து அம்மா கொடுத்த வரவேற்பு இது. கனடாவின் எட்மண்டனில் பதினோரு குளிர்காலம் கழித்தவனுக்குக் கோட்டி பிடிக்காமல் என்ன செய்யும்? அங்கே கார்களின் முன்பக்கம் ஒரு ஒயர் தொங்கும். ராத்திரி அதைப் பிளக்கில் செருகி எஞ்சினைச் சூடாக வைத்தால்தான் காலையில் வண்டி கிளம்பும். 2024 ஜனவரியில் மைனஸ் 40க்கும் கீழே போன ஒரு ராத்திரி எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் அலறியது. "கரண்டைக் குறைத்துச் செலவழியுங்கள், மின்சாரம் பற்றாமல் போகலாம்" என்று எங்கள் ஆல்பர்ட்டா மாகாண அரசின் அவசரச் செய்தி. ஜூலையில் கூடச் சராசரிப் பகல் வெயில் 23 டிகிரியைச் சுற்றித்தான். அதனால் யாராவது 40 என்று சொன்னால் எனக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

சூடான ஊர் எது என்ற சண்டை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தீராதது. அமெரிக்காவில் பீனிக்ஸில் இருக்கும் அத்தான் 2023ல் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரியைத் தாண்டியதை இன்னும் பதக்கம் மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார். துபாயில் இருக்கும் கூட்டாளி, அங்கே ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை மதியம் 12:30 முதல் 3 வரை வெட்டவெளியில் வேலையே செய்யவிடக் கூடாது என்று சட்டம் இருப்பதைச் சொல்லி வாயை அடைப்பான். ஒரு ஆகஸ்டில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி 10 மணிக்கு வெளியே காலை வைத்ததும் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. எட்மண்டனில் வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போது கண்ணாடி மங்கும். துபாயில் வீட்டிலிருந்து வெளியே வரும்போது. காரணம் ஒன்றுதான். குளிர்ந்த கண்ணாடியின் மேல் ஈரக் காற்று பட்டால் தண்ணீர் கோத்துக்கொள்ளும். நாற்பது டிகிரியும் இன்னொரு நாற்பது டிகிரியும் ஒன்றல்ல என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

இந்த முறை கத்திரி தொடங்கிய மறுநாள் சென்னையில் இறங்கினேன். அக்கா வீடு வேளச்சேரியில். காலை 9 மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. போனில் 35தான் காட்டியது. ஆனால் வியர்வை ஊறுகிறதே தவிரக் காய மாட்டேன் என்கிறது. இதற்குப் பெயர் வெயிலே இல்லை, புழுக்கம். வானிலை அறிக்கைக்காரர்களுக்கு ஒரே ஒரு எண்தான் இருக்கிறது. நமக்கோ வெயில், வெக்கை, புழுக்கம், அனல் என்று ஆளுக்கொரு சொல். எந்த ஊருக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று பார்ப்பதே அப்புறம் இந்தப் பயணத்தின் விளையாட்டாகிவிட்டது.

சென்னைக்காரர்கள் மதியம் 12 மணியிலிருந்தே கிழக்கு ஜன்னலைப் பார்ப்பார்கள். தரை சூடாகிக் காற்று மேலே கிளம்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும். சீக்கிரம் வந்தால் அன்றைக்கு 37ஓடு தப்பினார்கள். மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று அதைத் தடுத்து நிறுத்திவிட்டால் தொலைந்தது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. நான் போன இரண்டாம் நாள் காற்று ஒன்றரை மணிக்கு வந்தது. அக்கா பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு, வீட்டுக்கு விருந்தாளி வந்ததைச் சொல்கிற குரலில் "வந்துட்டுடா" என்றாள்.

கடற்காற்று வந்த அளவுக்கு ஏசி மெக்கானிக் வரவில்லை. நான் வருவதற்கு நான்கு நாள் முன்னாலேயே ஹால் ஏசி வெறும் காற்றை ஊத ஆரம்பித்திருக்கிறது. போன் செய்தால் "கிளம்பிட்டேம்மா, ஆன் த வே". இரண்டு மணி நேரம் கழித்து அதே பதில். மூன்றாம் நாள் ஒரு பையன் வந்து, வெளி யூனிட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "கேஸ் போயிருச்சு, 3,500 ஆகும்" என்றான். மச்சான் ஓய்வுபெற்ற ஆசிரியர், விடுவாரா? "லீக் எங்கன்னு காட்டு, அப்புறம் கேஸ் போடலாம்" என்று அவனை உட்கார வைத்துவிட்டார். கழற்றிப் பார்த்தால் ஃபில்டரில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. கழுவி மாட்டியதும் ஏசி குளிர்ந்தது. அவன் கூச்சமே படாமல் 600 ரூபாய் சர்வீஸ் சார்ஜ் வாங்கிக்கொண்டு போனான். மே மாதம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: வீட்டில் இருப்பவர்களை மார்ச்சிலேயே சர்வீஸ் பண்ணச் சொல்லிவிடுங்கள். கத்திரியில் மெக்கானிக்தான் ராஜா.

சித்தப்பாவைப் பார்க்க ஒரு நாள் வேலூர். கோட்டை அகழியை ஒட்டி நடந்தபோது போனில் 41. சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள், பக்கத்தில் மணல் மட்டும் ஓடும் பாலாறு. கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். அந்தக் காற்று இங்கே எட்டினாலும் இருட்டிய பிறகுதான். முகத்தில் அடித்தது சுத்தமான அனல், அடுப்புக் கதவைத் திறந்த மாதிரி. ஆனால் ஒன்று கவனித்தேன்: சட்டை காய்ந்தே இருந்தது. வியர்வை வந்த வேகத்தில் பறந்துவிடுகிறது. சென்னையின் 36ஐவிட எனக்கு இந்த 41 பிடித்திருந்தது என்று சொன்னால் சித்தப்பா அடிக்க வந்தார். அவர் அடிக்க வந்ததும் நியாயம்தான் என்று ராத்திரி புரிந்தது. பகலெல்லாம் குடித்த சூட்டை மலைகள் 2 மணி வரை கக்கிக்கொண்டிருந்தன. மெத்தை, தலையணை, சுவர் எல்லாம் கொதித்தன. காய்ந்த அனல் இன்னொரு வகையில் ஆபத்து: வியர்ப்பதே தெரியாததால் உடம்பில் தண்ணீர் வற்றுவதும் தெரியாது. சி.எம்.சி. மருத்துவமனைத் தெருவில் வங்காள எழுத்துப் பலகைகள் தொங்கும் லாட்ஜ் வாசலில், வடகிழக்கிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் ஸ்கேன் கவரால் விசிறிக்கொண்டிருந்தார். விருப்பப்பட்டு வந்தவன் அந்தத் தெருவிலேயே நான் ஒருவன்தான் என்று தோன்றியபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

தெற்கே போக வந்தே பாரத்தில் சீட் பார் என்றாள் அக்கா. ஏசிப் பெட்டிக்குள் கண்ணாடியை மூடிக்கொண்டு போவதற்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்? வைகை எக்ஸ்பிரஸில் இரண்டாம் வகுப்பு உட்காரும் பெட்டி, ஜன்னல் சீட். விருத்தாசலத்தில் வெள்ளரிப்பிஞ்சை நான்காகக் கீறி மிளகாய்ப்பொடி தடவிக் கொடுத்தார் ஒரு அம்மா. "ஜிபே பண்ணுப்பா" என்றார். எனக்கு ஏது ஜிபே? 500 ரூபாய்த் தாளை நீட்டினேன், சில்லறை இல்லை. எதிர் சீட்டுக் கல்லூரிப் பெண் போனை எடுத்து 20 ரூபாய் அனுப்பிவிட்டு "பரவால்ல அங்கிள்" என்றாள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஊரில் இன்றைக்குப் பெரிய சிரமம் வெயில் இல்லை, சில்லறைதான். 10, 20 ரூபாய்த் தாள்களாக ஒரு கட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கொள்ளிடம், காவிரிப் பாலங்களைக் கடந்தபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வழக்கப்படி ஜூன் 12ல் மேட்டூர் திறக்கும்வரை திருச்சியில் ஆறு என்பது பெரும்பாலும் மணல்தான். அந்த மணல் விட்ட மூச்சு ஜன்னல் வழியே வந்து காதைச் சுட்டது. பெட்டியில் எல்லாரும் ஷட்டரை இறக்கினார்கள். நான் மட்டும் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

மதுரையில் ஒரு ராத்திரி, ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜ். ரிசப்ஷனில் பெருமையாக "24 மணி நேரமும் சுடுதண்ணி சார்" என்றார்கள். பொய்யில்லை. மொட்டை மாடி பிளாஸ்டிக் டேங்கில் பகலெல்லாம் கொதித்த தண்ணீர், ராத்திரி 10 மணிக்கும் குழாயில் கை வைக்க முடியவில்லை. பச்சைத்தண்ணிக்கு என்ன வழி என்று கேட்டேன். ரூம் பாய் சிரித்துவிட்டு, கீழேயிருந்து ஒரு வாளி போர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அந்த ஒரு வாளிதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த சேவை. மதுரைக்கு வெக்கை என்ற சொல்தான் பொருந்தும். நேரே வெயில் படாத இடத்திலும் கல்லும் சிமெண்டும் உடம்பைச் சுற்றி வளைத்துக்கொள்கிற சூடு. ஜிகர்தண்டாவைப் பற்றி எழுதப் புதிதாக ஒன்றுமில்லை, இரண்டு குடித்தேன்.

காலையில் நெல்லை பஸ். கிழக்கு வெயில் இடப்பக்கம் அடிக்கும் என்று கணக்குப் போட்டு வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தேன். கண்டக்டர் பார்த்துவிட்டு "சார் ஊர்க்காரர்தான்" என்றார்.

பாளையங்கோட்டையில் இறங்கியபோது உச்சி வெயில். எட்மண்டனில் நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே நீண்டு கிடக்கும். மே மாதம் இங்கே சூரியன் தலைக்கு மேல் கடந்து கொஞ்சம் வடக்கே போயிருக்கும். அதனால் என் நிழல் ஒரு முழம்கூட இல்லாமல் தெற்குப் பக்கம் காலடியில் சுருண்டு கிடந்தது. பனை மரத்தடியில் பதனீர் விற்றுக்கொண்டிருந்தவர், பச்சை ஓலையை மடித்துப் பட்டை கட்டி, நுங்கைக் கையால் நசுக்கிப் போட்டு ஊற்றிக் கொடுத்தார். சுண்ணாம்பு வாசனை லேசாக. ஓலை மடிப்பில் உதட்டை வைத்து உறிஞ்சும்போது தாடை வழியே ஒழுகிச் சட்டை நனைந்தது. 38 டிகிரி இருக்கும், சட்டை பத்து நிமிடத்தில் காய்ந்தது. சாயங்காலம் தாமிரபரணியில் குறுக்குத்துறைப் படித்துறை. கத்திரியிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர். எனக்கு வேண்டியது இதுதான்: பகலில் ஒளிவு மறைவில்லாத வெயில், பொழுது சாய்ந்தால் முங்க ஒரு ஆறு, ராத்திரி மொட்டை மாடியில் ஒரு பாய்.

கரண்ட் மட்டும் படுத்தியது. மூன்று நாள் தொடர்ந்து ராத்திரி 11 மணிக்கு வோல்டேஜ் குறைந்து ஃபேன் நோயாளி மாதிரி சுற்றியது. புகார் எண்ணுக்குப் பேசினால் மரியாதையாகப் பதிவு செய்துகொண்டார்கள். மறுநாள் காலையிலேயே "சரிசெய்யப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. அன்று ராத்திரியும் ஃபேன் அப்படியேதான் சுற்றியது. நான்காம் நாள் லைன்மேன் ஒருவர் வெயிலில் கம்பத்தில் ஏறி எதையோ மாற்றினார், சரியாகிவிட்டது. அம்மா அவருக்கு ஒரு செம்பு மோர் கொடுத்தாள். புகார் எண்ணைவிட மோர் வேகமாக வேலை செய்யும் என்பது அவள் கொள்கை.

அம்மாவுக்குக் கரண்டில் வேறு கவலை. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட்டே மாறிவிடும். தினமும் காலையில் கோலம் போட்ட கையோடு மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் குறித்து வைப்பாள். நான் வந்ததிலிருந்து ஏசி போடவில்லை என்பதில் அவளுக்கு ரகசிய சந்தோஷம்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மேற்கே மலை தெரியவில்லை, மேகம். மதியமே தென்காசிப் பக்கமிருந்து காற்று கிளம்பி, கொடியில் கிடந்த வேட்டியைத் தெருவில் கொண்டுபோய்ப் போட்டது. போனைப் பார்த்தால் 32. குற்றாலத்தில் சாரல் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தெருவே திண்ணைக்கு வந்து உட்கார்ந்து முகம் மலர்ந்திருந்தது. நான் மட்டும் சாமானைத் திருடு கொடுத்தவன் மாதிரி வாசலில் நின்றேன்.

"என்னல, மூஞ்சி தொங்குது?" என்றாள் அம்மா. "463தான் ஆயிருக்கு. வேணும்னா இன்னைக்கு ஒரு ராத்திரி ஏசி போட்டுப் படுத்துக்கோ."