ஹொக்கைடோ ஆழ்பனியில் ஸ்னோமொபைல்: ஓசூர், கிருஷ்ணகிரி பைக் நண்பர்களுக்கு ஒரு மதிப்பீடு

ஜப்பானில் ஸ்னோமொபைல் (முன்னால் சறுக்குப் பலகைகளும் பின்னால் சுழலும் ரப்பர் பட்டையும் கொண்ட பனி வண்டி) சவாரி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி, விடுதிக்கு அருகே சமன்படுத்திய தடத்தில் வழிகாட்டியின் பின்னால் வரிசையாகச் சென்று திரும்புவதுதான். நான் இங்கே மதிப்பிடுவது அதை அன்று. அந்நாட்டின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் மேற்குப் பகுதியில், குளிர்காலம் முழுவதும் அந்த மலைகளிலேயே வண்டி ஓட்டும் உள்ளூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்தும், தடமே இல்லாத ஆழ்பனிக்குள் அழைத்துச் செல்லும் முழுநாள் சேவை இது. தடச் சவாரியைவிடக் கட்டணம் பல மடங்கு அதிகம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வார இறுதிகளில் பைக் ஓட்டும் நண்பர்கள் பலரும் விசாரிப்பதால், அந்தப் பணம் எதற்குச் செல்கிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சைபீரியாவிலிருந்து வீசும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, ஹொக்கைடோவின் மேற்கு மலைகளில் பனியாகக் கொட்டுகிறது. சப்போரோ நகரத்திலேயே ஒரு குளிர்காலத்தில் ஏறத்தாழ 5 மீட்டர் பனி பொழிகிறது என்றால், மலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பனி ஈரமற்றது, மாவாக உதிர்வது. நடந்தால் இடுப்பளவு இறங்கிவிடும். அதில் மிதந்து செல்வதற்கென்றே வண்டியின் ரப்பர் பட்டை (டிராக்) சுமார் 4 மீட்டர் சுற்றளவும் 6 முதல் 7 சென்டிமீட்டர் உயரத் துடுப்புகளும் கொண்டிருக்கிறது. எடை 200 கிலோவுக்கு மேல். கியர் கிடையாது, நம் ஸ்கூட்டர்களில் உள்ள பெல்ட் முறைதான். ஆக்ஸிலேட்டரை வலது கட்டைவிரலால் அழுத்த வேண்டும். தென்பெண்ணை ஆற்று மணலில் பைக் ஓட்டுவதைப் போலவே, பாதியில் அதை விட்டால் வண்டி புதைந்துவிடும்.

திரும்பும் முறைதான் புதிது. ஒரு பக்கத்துக் கால்பலகையில் எழுந்து நின்று, வண்டியை அந்தப் பக்கமாகச் சாய்த்து, ஹேண்டில்பாரை எதிர்ப்புறம் திருப்ப வேண்டும். இதைக் காட்டுக்குள் நுழையும் முன் திறந்த சமவெளியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பொறுமையிழக்காமல் கற்றுக்கொடுத்தார்கள். காலைப்பொழுதின் பெரும்பகுதி இதிலேயே கழிந்தது. அது வீணான நேரம் அன்று.

ஆனால் கட்டணத்தின் உண்மையான மதிப்பு, அவர்கள் எங்கே போக மறுத்தார்கள் என்பதில்தான் எனக்குத் தெரிந்தது. கிளம்பும் முன் பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் பீக்கன் கருவியை எல்லோருடைய உடலிலும் கட்டி, ஒவ்வொருவராக நடக்கவிட்டுச் சமிக்ஞை வருகிறதா என்று பார்த்தார்கள். பனியைக் குத்தித் துழாவும் மடக்குக் கம்பியும் மண்வெட்டியும் ஒவ்வொருவர் பையிலும் இருந்தன. புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டியெடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும் என்பதால், அங்கே மீட்புக் குழு என்பது உடன் வந்தவர்கள் மட்டுமே. சரிவுகளில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஏறியது. மற்றவர்கள் பனி சரிந்தாலும் எட்டாத இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தைய இரவு புதுப்பனி விழுந்து, காற்றும் அடித்திருந்த ஒரு சரிவு, எங்கள் கண்ணுக்கு அன்றைய தினத்திலேயே மிக அழகாகத் தெரிந்தது. தலைமை ஓட்டுநர் அதன் ஓரத்தில் குழி வெட்டி, பனி அடுக்குகள் பிடித்து நிற்கின்றனவா என்று தட்டிப் பார்த்துவிட்டு, தலையை மட்டும் அசைத்து வேறு பக்கம் திரும்பினார். எங்களில் ஒருவர் முகம் சுளித்தார்; அவர்கள் அசைந்துகொடுக்கவில்லை.

வண்டி புதைந்தால் தோண்டி எடுப்பது எல்லோருக்கும் பொது வேலை. வியர்த்துப்போய் நின்றபோது காற்றில் பரவிய டூ-ஸ்ட்ரோக் புகை வாசம், யமஹா ஆர்எக்ஸ் 100 ஓடிய தெருக்களில் வளர்ந்த எங்களுக்குப் பழக்கமானது. 1968 முதல் ஸ்னோமொபைல் தயாரித்துவந்த யமஹா, ஜப்பானில் 2022 மாடலோடு அதன் விற்பனையை நிறுத்திவிட்டது என்று உள்ளூர்க்காரர்கள் வருத்தத்துடன் சொன்னார்கள்.

குறைகள் உண்டு. வண்டி சேதமானால் நாம் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு என்பது முன்பதிவின்போது சொல்லப்படவில்லை. காலையில் கையெழுத்துக்கு நீட்டிய தாளில்தான் தெரிந்தது. அதுவும் ஜப்பானிய மொழியில் இருந்ததால், கைப்பேசி மொழிபெயர்ப்பை நம்ப வேண்டியதாயிற்று. சேவையின் தரத்துக்கு இது பொருந்தவில்லை. மதிய உணவில் சைவத்துக்கு ஏற்பாடு இல்லை. அங்கே சூப் என்றாலே பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும் என்பதால், சைவ நண்பர்கள் முந்தைய இரவே கடையில் உப்பிட்ட பிளம் வைத்த சோற்றுருண்டைகளை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வாடகைக் கையுறைகள் பிற்பகலில் நனைந்துவிட்டன.

பனியையே பார்த்திராதவர்கள் முதலில் தடச் சவாரிக்குச் சென்றுவிட்டு இதற்கு வருவது நல்லது. முழங்கால், இடுப்பு வலி உள்ளவர்களுக்கு இது வேண்டாம். ஸ்னோமொபைலைப் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது என்பதால், அவர்களே மலையடிவாரம்வரை வண்டிகளைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அங்கே செல்ல வாடகைக் கார் எடுப்பவர்கள் மட்டும் இங்கேயே ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். பல பயணக் காப்பீடுகள் இத்தகைய சவாரியை விலக்கிவைக்கின்றன. விமானச் சீட்டுக்கு முன் அந்த நிபந்தனையைப் படியுங்கள். செல்வதாக இருந்தால் ஜனவரி இறுதியோ பிப்ரவரியோ ஏற்றது. டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் அதே கட்டணத்துக்கு ஓட்டும் நேரம் குறையும்.