பி.டி. பருத்தியோடு 14 வருடம்

தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் மானாவாரியாக இரண்டு ஏக்கர். 2011 ஆடிப்பட்டத்தில் முதல் தடவையாக பி.டி. என்கிற மரபணு மாற்றிய பருத்தி விதை ஊன்றினேன். அதற்கு முன்பு பச்சைக் காய்ப்புழுவுக்கே எட்டு, பத்து முறை மருந்து அடிப்பார் அப்பா. பி.டி. வந்தபின் அந்தப் புழுவுக்காக நான் ஸ்பிரேயர் தூக்கியதே இல்லை. இதைச் சொல்லாமல் குறையை மட்டும் எழுதினால் நியாயமில்லை.

இது வேலை செய்யும் விதம் இப்படி: பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்ற மண் பாக்டீரியாவின் நஞ்சுப் புரதத்தைச் செடியே தயாரிக்கிறது. புழு கடித்துத் தின்றதும், காரத்தன்மையுள்ள அதன் குடலில் நொதிகள் அந்தப் புரதத்தை வெட்டி வீரியமாக்கும். அது குடல் சுவரில் தனக்கேற்ற இடத்தைப் பிடித்து ஓட்டை போடும். புழு முதலில் தின்பதை நிறுத்தும், சில நாளில் சாகும். நம் வயிற்றில் இருப்பது அமிலம், அந்தப் பிடிமானமும் கிடையாது.

இந்த பாக்டீரியாவை முதலில் கண்டுபிடித்ததே செத்துக்கொண்டிருந்த பட்டுப்புழுவில்தான். 1901, ஜப்பானில் இஷிவாட்டா. அதனால் இதே பாக்டீரியாவில் செய்த பி.டி. பவுடரைத் தெளிப்பவர்கள் பக்கத்துக் காட்டில் மல்பெரி இருக்கிறதா என்று பார்த்து அடியுங்கள். நம் மாவட்டத்தில் பட்டுக்கூட்டை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் நிறைய.

"மருந்தே வேண்டாம்" என்று சொல்லித்தான் கடைக்காரர் விதையைக் கொடுத்தார். சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் இந்த நஞ்சு ஒன்றும் செய்யாது என்பது, இலை ஓரம் சிவந்து சுருண்டபோதுதான் தெரிந்தது.

பெரிய அடி இளஞ்சிவப்புக் காய்ப்புழு. ஒரு தை மாதம் நன்றாகப் பருத்த காயை உடைத்தேன். வெளியே ஓட்டை இல்லை. உள்ளே ஒரு சுளை முழுக்கப் பழுப்பு, விதைக்குள் சுருண்டபடி ஒரு ரோஸ் நிறப் புழு. 2006-இல் வந்த, இரண்டு பி.டி. நஞ்சு மரபணுக்கள் உள்ள இரட்டை மரபணு விதைதான் அது, இருந்தும் இந்த நிலை. பச்சைப்புழு தக்காளி, துவரை என்று எதையும் தின்னும். அங்கே நஞ்சு படாமல் வளர்ந்த அந்துப்பூச்சி வந்து கலப்பதால் எதிர்ப்புச் சக்தி சீக்கிரம் பரவாது. ரோஸ் புழுவுக்கோ பெரும்பாலும் பருத்தியே சாப்பாடு.

நஞ்சு படாத அந்துப்பூச்சி இதோடும் கலக்கட்டும் என்பதற்காகத்தான் 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதா விதையும் தந்தார்கள், வயலைச் சுற்றி ஊன்ற. நான் ஊன்றவில்லை. மோட்டார் ரூம் பரணில் ஐந்து வருடப் பொட்டலங்கள் பிரிக்காமலேயே கிடந்தன. ஊரில் பாதிப் பேர் வீட்டில் அப்படித்தான்.

சரி, இனியும் வாங்குவேனா? வாங்குவேன், பச்சைப்புழுவுக்காக. ஆனால் ரோஸ் புழுவின் ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை 45-ஆம் நாளே கட்டிவிடுகிறேன். விரியாமல் ரோஜா மொட்டுபோல் முறுக்கி நிற்கும் பூவைக் கண்டால், உள்ளே ரோஸ் புழு இருக்கும் என்று பறித்து அழிக்கிறேன். இன்னும் நாலு காய் வரும் என்று மாசி வரை செடியை விட்டுவைப்பதில்லை. தையிலேயே மாறை, அதாவது பறித்து முடித்த பருத்திச் செடியை, பிடுங்கி எரித்துவிடுகிறேன். அடுப்புக்கு ஆகும் என்று வரப்பில் அடுக்கி வைத்ததும் ஒரு காலம். அதில் ஒட்டியிருந்த காய்ந்த காய்களுக்குள்தான் புழு அடுத்த பட்டம்வரை தூங்கியிருக்கிறது.