ஒயிட் ரிஸ்க் ஆப்: அம்மாவின்ர இரவு ஒன்பதரை மணிச் செய்தி

சனி ஞாயிறெண்டா சுவிஸில அத்தான் ஸ்னோ சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு மலைக்கு வெளிக்கிட்டிடுவார், இஞ்ச யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில அம்மாவுக்கு நித்திரை இல்லை. அதுக்காக நான் போனில ஏத்தினதுதான் இந்த ஆப். டாவோசில இருக்கிற எஸ்எல்எஃப் எண்ட பனிச்சரிவு ஆராய்ச்சி நிறுவனத்தின்ர, காசில்லை.

குளிர்காலத்தில ஒவ்வொரு நாளும் அங்கத்தைய நேரம் பின்னேரம் 5 மணிக்குப் பனிச்சரிவு ஆபத்து அறிக்கை வரும், எங்களுக்கு ஒன்பதரை. "எத்தினையாம்?" எண்டு அம்மா கேப்பா. 1 இல இருந்து 5 வரைக்கும் ஆபத்து அளவு. முதல் கிழமை 3 எண்டு வந்தோடன "நடுத்தரம்தான், படுங்கோ" எண்டு சொல்லிப்போட்டன், மடைத்தனம். சுவிஸில பனிச்சரிவில சாகிற ஆக்களில பாதிப்பேர் அளவில 3 போட்ட நாளிலதான் சாகினமாம். 4, 5 எண்டா சனம் பயந்து நிண்டிடும், 3 எண்டா வெயிலும் எறிக்கும் புது ஸ்னோவும் வடிவாக் கிடக்கும், கால் சும்மா நிக்குமே?

நம்பருக்குக் கீழ எழுதிக்கிடக்கிறதுதான் சாமான். எந்தத் திசைச் சரிவு, எத்தினை மீற்றருக்கு மேல, என்ன பிரச்சினை எல்லாம் இருக்கு. அடியில சீனி மாதிரி ஒட்டாத பழைய படை, மேல காத்து அள்ளிக்கொண்டுவந்து இறுக்கின தட்டு, ஒரு ஆள் ஏறினாலே முழுத்தட்டும் வழுக்கிக்கொண்டு வந்திடும். மாட்டுப்படுற கனபேர் தாங்களோ கூடப்போனவையோ கிளப்பிவிட்ட பனிச்சரிவிலதான் மாட்டுப்படுகினம், நான் அது தானா விழுறதெண்டெல்லோ நினைச்சன். வரைபடத்தில 30 பாகைக்கு மேற்பட்ட சரிவெல்லாம் நிறமடிச்சுக் காட்டும். கீரிமலையிலயே மலை இல்லாத ஊர்க்காரன், நான் எங்கட ஓட்டுக்கூரையைப் பாத்துத்தான் கணக்குப் பிடிச்சன்.

குறையெண்டா டொச், பிரெஞ்சு, இத்தாலி, இங்கிலீஷ் நாலும் இருக்கு, தமிழ் இல்லை. போ, போகாத எண்டும் சொல்லாது, அது ஒரு பகுதிக்குப் பொதுவாப் போடுற மதிப்பீடு, அந்தச் சரிவில நிக்கிற ஆள்தான் யோசிக்கோணும்.

ஆப் இருந்தாக் காணுமெண்டு அத்தான் வெறும் போனோட திரிஞ்சவர். புதைஞ்சா பத்துப் பதினைஞ்சு நிமிசத்துக்குள்ள கூடப்போனவை தோண்டி எடுக்கோணும், ஹெலி வரும்வரைக்கும் தாங்காது. அதுக்கு புதைஞ்ச ஆளைத் தேடுற சிக்னல் கருவி, குத்திப் பாக்கிற நீட்டுக் கம்பி, சவல் மூண்டும் ஒவ்வொருத்தரிட்டயும் இருக்கோணும். அக்கா சண்டை பிடிச்சு வாங்க வைச்சிட்டா (முதல் வாடகைக்கு எடுத்த கடையில பற்றரி செத்த கருவியைக் குடுத்துவிட்டவங்கள், பேர் வேண்டாம்).

ஆப்புக்கு என்ர புள்ளி 5க்கு நாலரை, அரை தமிழுக்காகக் கழிச்சது. நேற்று ஆபத்து அளவு 2, மஞ்சள். அம்மா பத்து மணிக்கே படுத்திட்டா.