விக்டரியா, டோரியா?

மர கிட் வாங்கிக் கப்பல் கட்டலாம் என்று ஆசைப்படுகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது எச்.எம்.எஸ். விக்டரி என்ற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலைத்தான். 1765இல் நீரில் இறக்கியது, 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் தளபதி நெல்சன் நின்றது, 104 பீரங்கி, மூன்று பாய்மரம். பெட்டியின் மேல் இருக்கிற படத்தைப் பார்த்தாலே கை பரபரக்கும். போன வாரம் அலுவலகத்தில் ஒருவர் இதையே கேட்டார். நான் கட்டியது விக்டரி இல்லை; மாடல் ஷிப்வேஸ் என்ற கிட் நிறுவனத்தின் லோவல் கிராண்ட் பாங்க்ஸ் டோரி, ஒரு சின்ன மீன்பிடிப் படகு. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் விக்டரியோடு எனக்குப் பழக்கமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மைத்துனர் மூன்று வருஷம் உட்கார்ந்து கட்டியது ஒன்று. வெளிநாடு போகும்போது எங்கள் வீட்டு ஹாலில் விட்டுவிட்டுப் போனார். நான்கு வருஷமாக அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஆகவே அதைக் கட்டுகிற சுகத்தைப் பற்றி நான் சொல்வதை அரைகுறையாக எடுத்துக்கொள்ளுங்கள். வைத்துக் காப்பாற்றுவது பற்றிச் சொல்வதை முழுதாக நம்பலாம்.

விலை, நேரம் இரண்டிலும் டோரிதான் மலிவு. இதற்கு விளக்கம் தேவையில்லை.

டோரி என்பது கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு வெளியே, கிராண்ட் பாங்க்ஸ் என்ற கடற்பகுதியில் காட் மீன் பிடிக்கப் போன பாய்க்கப்பல்கள் ஏற்றிக்கொண்டு போன தட்டை அடிப் படகு. உட்காரும் குறுக்குப் பலகைகளைக் கழற்றிவிட்டால் கிண்ணம் அடுக்குவதுபோல் ஒன்றுக்குள் ஒன்றாக மேல்தளத்தில் அடுக்கலாம். கிட்டின் பெயரில் உள்ள லோவல், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஏம்ஸ்பெரியில் 1793இல் தொடங்கிய படகுப் பட்டறை. மாதிரியை வடிவமைத்தவர் டேவிட் அன்ட்ஷெர்ல். 1:24 அளவு, அதாவது நிஜப் படகில் 24இல் ஒரு பங்கு; முழுக்க பாஸ்வுட் என்ற மென்மையான மரம்.

இதில் ஏமாற்று வேலைக்கு இடமே கிடையாது. விக்டரி மாதிரிகளில் பெரும்பாலும் ஏராவில் (கப்பலின் அடி முதுகெலும்பு) குறுக்குத் தடுப்புகளைச் செருகி, மேலே இரண்டு அடுக்குப் பலகை ஒட்டுவார்கள். முதல் அடுக்கு கோணினால் மக்கு பூசித் தேய்த்து, இரண்டாவதை ஒட்டி மறைத்துவிடலாம். டோரியில் ஒரே அடுக்கு, ஓட்டின் மேல் ஓடு போட்டதுபோல் ஒன்றின் விளிம்பில் இன்னொன்று ஏறி நிற்கும். உள்ளேயும் தெரியும், வெளியேயும் தெரியும். வங்குகளை, அதாவது பலகையைத் தாங்கும் விலா மரங்களை, சரிவாகச் சீவாவிட்டால் பலகை படியாது. அணியத்தில் (முன்முனையில்) இரண்டு பலகையும் ஒரே மட்டத்தில் முடியும்படி விளிம்பை இழைத்துக்கொண்டே போக வேண்டும். பலகையை நனைத்து, முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, துணி கிளிப் மாட்டி இரவெல்லாம் விட்டேன். லேசர் வெட்டின கரி விளிம்பைத் தேய்க்காமல் ஒட்டியதில் அடிப்பலகை ஒன்று மறுநாளே பிடுங்கிக்கொண்டு வந்தது. தப்பு என்னுடையது.

இனி தூசி. உண்மையில் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நிஜ விக்டரியின் கயிறுகளை நீட்டினால் சுமார் 42 கிலோமீட்டர் வரும் என்பார்கள். 1:100 கணக்கில் 420 மீட்டர் நூல். எந்தக் கிட்டும் அவ்வளவு தராது. தருகிற அளவே ஒரு சிலந்திக் குடும்பத்துக்குப் போதும். மாலுமி ஏறும் கயிற்றேணியில் ஒவ்வொரு குறுக்குக் கயிறும் பல இடத்தில் முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் தூசிக்கு ஒரு திண்ணை. மின்விசிறி ஓடுகிற வீடு, பக்கத்திலேயே சமையலறை. தாளிக்கிற எண்ணெய்ப் புகை நூலில் படிந்துவிட்டால் அதன்மேல் உட்கார்ந்த தூசி ஊதினால் போகாது. வாட்டர்கலர் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். ஒரு தடவை முடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க ஆகும். மழைக்காலத்தில் பருத்தி நூலின் முறுக்கம் மாறி, சில கயிறு தொய்யும், சில விறைக்கும். இரண்டு வருஷம் முன்பு நடுப் பாய்மரத்துக்குப் பின்னால் ஒன்று அறுந்தது. அங்கே போக முன்னால் உள்ள பத்து கயிறுகளை விலக்க வேண்டும். நீள இடுக்கியோடு போய் இன்னும் இரண்டை அறுத்துக்கொண்டு வந்தேன். பருமலில் (பாய் தொங்கும் குறுக்கு மரம்) ஒரு பல்லி குடியிருந்த கதையை மைத்துனரிடம் இன்னும் சொல்லவில்லை.

கண்ணாடிப் பெட்டி போட வேண்டியதுதானே என்பீர்கள். கணக்குப் போடுங்கள். விக்டரியின் உடல் நீளம் மட்டும் சுமார் 69 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து நடுப் பாய்மர உச்சி சுமார் 62 மீட்டர். 1:100இல் அணியத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்தால் ஒரு மீட்டரை நெருங்குகிற நீளம், பீடத்தோடு முக்கால் மீட்டர் உயரம். அந்த அளவுக் கண்ணாடிக்கு அடியில் மேசையும் தனியாக வேண்டும். வாடகை வீடு மாறும்போது அதை எந்த வண்டியில் ஏற்றுவது?

என் டோரி கால் மீட்டர் நீளம். கயிறு வேலை என்று சொல்ல ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் இரண்டு தட்டு, முடிந்தது. புத்தக அலமாரியில் கண்ணாடிக் கதவுக்குள் நிற்கிறது.

விக்டரிக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் முன்னால்தான் நிற்பார்கள். டோரியைப் பார்த்து "இது என்ன, பரிசலா?" என்று கேட்டவர்கள் உண்டு. முடிச்சுப் போடுவதே பிடித்தவர், சொந்த வீடு, மூடி வைக்கத் தனி அறை என்றால் தாராளமாக வாங்குங்கள்.

அலுவலக நண்பருக்கு டோரிதான் என்றேன். அதே வரிசையில் அடுத்து நார்வே பாய்ப் படகு ஒன்று 1:12இல் இருக்கிறது, அதற்கடுத்து மஸ்காங்கஸ் விரிகுடா லாப்ஸ்டர் படகு. நான் இப்போது நார்வே படகில் இருக்கிறேன். அதில் ஒரு பாய் உண்டு, கயிறுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எண்ணிப் பார்த்த பிறகுதான் வாங்கினேன்.