வேலைநிறுத்தக் காலத்தில் ஒரு பாரவூர்திப் பயிற்சிப் பாடசாலை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2009 ஆகஸ்ட் மாதம் சாரதித் தேர்வு நிலைய ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, ஸ்காபரோவில் ஒரு பாடசாலையில் ஏஇசட் (காற்றுப் பிரேக் கொண்ட, இழுவை இணைத்த பாரவூர்திக்கான உரிமம்) பயிற்சியை முடித்துவிட்டு வீதித் தேர்வுக்கு நாள் குறித்துக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். ஊழியர்களின் கோரிக்கைகளை நான் குறைகூறவில்லை. ஆனால் டிசம்பர் வரை நீடித்த அந்த முடக்கத்தில், எனக்கு வேலை தருவதாகச் சொன்ன நிறுவனம் வேறொருவரை அமர்த்திக்கொண்டது.

இழுவை வாகனத்தைப் பின்னோக்கிச் செலுத்தும் பழக்கம் சில வாரங்கள் விட்டாலே கையைவிட்டுப் போய்விடும் என்பதை அறிந்திருந்த பாடசாலை, வாரம் ஒரு மணி நேரம் மேலதிகக் கட்டணமின்றி முற்றத்தில் பயிற்சி அளித்தது. காற்றுப் பிரேக் சோதனையையும் பழக்குவார்கள்: ஆசிரியர் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, பிரேக்கை மீண்டும் மீண்டும் மிதித்துக் காற்றழுத்தத்தைக் குறைக்க வைத்து, எச்சரிக்கை ஒலி எழும் கணத்தில் மானியின் முள் எங்கே நிற்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்ல வைப்பார். அந்தப் பொறுமைக்கு நான் என்றும் நன்றியுடையவன்.

எனினும் கட்டணத் தவணைகளை அவர்கள் ஒரு மாதமேனும் தள்ளிவைக்கவில்லை, அது பெருங்குறை. சேர விரும்புவோர், தேர்வு தள்ளிப்போனால் தேர்வுக்கான வாகனத்திற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.