களியக்காவிளையில் சாட்டம் தெரிந்த ஒரு சைக்கிள் கடை

ஐந்துக்கு நாலு ஸ்டார்.

சைக்கிளோடு சேர்ந்து குதிப்பதை வீடியோவில் எல்லாரும் பன்னி ஹாப் என்கிறார்கள், அவர்களுக்கு அது முயல் குதி. எங்கள் பக்கம் அப்படிச் சொன்னால் தமிழ்க்காரனும் சிரிப்பான், பாறசாலையிலிருந்து வருகிற மலையாளத்துக்காரனும் சிரிப்பான். இரண்டு பாஷையிலும் பன்னி பன்னிதான். அதனால் எங்கள் கூட்டத்தில் அது 'சாட்டம்'. குமரி மாவட்டத்தில் குதிப்பதைச் சாடுவது என்றுதானே சொல்கிறோம். நின்ற இடத்திலிருந்து பக்கவாட்டில் படியேறினால் சைடு சாட்டம், முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்திலேயே துள்ளினால் பின்சாட்டம்.

ஆன்லைனில் வாங்கிய 20 இஞ்ச் வண்டியில் மூன்றாவது வாரமே பின்சக்கர ஆக்சில் (அச்சு) வளைந்துவிட்டது. முதலில் போன கடையில் "ஓட்டத்தானே மக்கா சைக்கிளு, சாடவா?" என்று திருப்பி அனுப்பினார்கள். மார்க்கெட் பக்கம் இருக்கிற இந்தக் கடை அண்ணனோ வளைந்த ஆக்சிலைப் பார்த்துவிட்டு, உள்ளே கிடந்த வேறொரு சைக்கிளை எடுத்துக் கொடுத்து "சாடிக் காட்டு" என்றார். காட்டினேன். "ரெண்டையும் சேத்துத் தூக்காத, முன்ன தூக்கு, பொறவு பின்ன."

அவர் சொன்னதுதான் சரி. நான் செய்துகொண்டிருந்ததற்கு வெளியே இங்கிலீஷ் ஹாப் என்று பேர், அவர் சொன்னது அமெரிக்கன் ஹாப். கையை நீட்டி இடுப்பைப் பின்னால் தள்ளினால் முன்சக்கரம் தானாக எழும்பும், அப்படியே எழுந்து நின்று ஹேண்டில்பாரை முன்னால் தள்ளி, கால்விரலைக் கீழ்நோக்கி வைத்துப் பெடலைப் பின்பக்கமாக வழித்தால் பின்சக்கரமும் கூடவே வரும். உயரம் இதில்தான் கிடைக்கும்.

வேலை சுத்தம். 10 மி.மீ. ஆக்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டு 14 மி.மீ. ஆக்சில் உள்ள ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) போட்டார், அது ஃபிரேமில் உட்கார இரண்டு பக்கமும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவினார். 36 கம்பியும் புதுசு. கோட்டம் எடுக்கும்போது ஃபோர்க்கில் கையை ஊன்றி ரிம்மை ஒட்டிச் சாக்பீஸைப் பிடித்து சக்கரத்தைச் சுற்றிவிட்டார், கோடு விழுந்த இடத்துக் கம்பியை மட்டும் கால்வாசித் திருகு, திரும்பச் சுற்று. முக்கால் மணி நேரம் இதே வேலை. ஆறு மாதமாகத் தினமும் சாடுகிறேன், ரிம் இன்னும் நேராக இருக்கிறது.

ஒரு ஸ்டார் குறைந்தது பிரீவீலால், பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்சக்கரம்தான் அது. சாதாரண பிரீவீலில் பெடலை மிதித்தால் கொஞ்சம் சும்மா ஓடி அப்புறம்தான் பிடிக்கும், பின்சாட்டத்தில் அந்த இடைவெளியில் ஆள் கீழே விழுவான். போட்டி வண்டிகளில் ஒரு சுற்றுக்கு 72, 108 இடத்தில் எல்லாம் பிடிக்கிற பிரீவீல் இருக்கிறது, அவரிடம் இல்லை, கேட்டால் "அது எதுக்கு" என்கிறார். அப்புறம், வண்டியைப் புதன் தருகிறேன் என்றால் சனி என்று புரிந்துகொள்ளுங்கள்.

வண்டியை விடும் முன் பெல்லைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். என்னுடையது இன்னும் கிடைத்தபாடில்லை.